சவுக்காரத் துரையின் மூன்றாவது பலகை

1

போன வாரம் ஒரு காலை, நான் இட்லித் தட்டை இறக்கிக்கொண்டிருந்தபோது எங்கள் வீட்டு வாசல் சுவரில் துளை போட ஆரம்பித்தார்கள். அதிர்வு அடுக்களை வரைக்கும் வந்தது. அலமாரியில் கவிழ்த்து வைத்திருந்த எவர்சில்வர் டம்ளர்கள் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு கிணுகிணுத்தன. கையைத் துடைத்துக்கொண்டு ஓடிப் போய்ப் பார்த்தால், அஞ்சடியில் ஏணி போட்டு இரண்டு ஆட்கள் நிற்கிறார்கள். அஞ்சடி என்பது இங்கே பழைய வரிசை வீடுகளுக்கு முன்னால் வெயிலுக்கும் மழைக்கும் ஒதுங்கி நடக்க விட்டிருக்கும் கூரை போட்ட நடைபாதை. எதற்குத் துளை என்று எனக்குத் தெரிந்த மலாயில் கேட்டேன். பலகை மாட்ட என்றார்கள். யார் சொன்னது என்றேன். பாஸ் என்றார்கள். அதற்கு மேல் கேட்க என் மலாய் போதாது. போதுமானதாக இருந்திருந்தாலும் கேட்டிருக்க மாட்டேன்.

ஊரிலிருந்து இதைப் படிக்கிற என் அக்கா சிரிப்பாள். தூத்துக்குடியில் எங்கள் வாசலில் யாராவது சைக்கிளைச் சாய்த்தாலே தெருமுனை வரைக்கும் கேட்கிற மாதிரி ஏசுகிறவள் நான். பினாங்குக்கு வந்த இருபது வருஷத்தில் அந்தத் தொண்டை எங்கே போயிற்று என்று தெரியவில்லை. இது வாடகை வீடு, இது வேற்று நாடு, கையில் இருப்பது நிரந்தரவாசிகளுக்குக் கொடுக்கிற சிவப்பு ஐசி, அதாவது அடையாள அட்டை. இவ்வளவும் சேர்ந்தால் எந்த மனுஷிக்கும் குரல் பாதியாகிவிடும்.

ஆனாலும் அன்றைக்கு என்னைப் பயமுறுத்தியது துளை இல்லை, பலகை. ஏன் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

2

எங்கள் வரிசைக்குச் சவுக்காரக் கம்பம் என்று பெயர். சவுக்காரம் என்றால் சோப்பு, கம்பம் என்றால் குடியிருப்பு. மலாய்ச் சொல் நம் ஆட்கள் வாயில் அப்படி ஆகிவிட்டது. ஜார்ஜ் டவுனில் கடற்கரையிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி, ஒரு சந்தில், தோளோடு தோள் ஒட்டி நிற்கிற ஆறு வீடுகள். இங்கிலாந்தில் பெரிய சவுக்காரத் தொழிற்சாலை வைத்திருந்த எலியாஸ் தார்ன்பி என்கிற வெள்ளைக்காரர் கட்டியவை. சவுக்காரத்துக்கு வேண்டிய தேங்காய் எண்ணெயை இங்கிருந்துதான் கப்பலேற்றினாராம். ஒரே ஒரு முறை நேரில் வந்தவர், எண்ணெய் ஆலையில் வேலை செய்த நம் ஆட்கள் கொப்பரை மூட்டைகளின் மேலேயே படுத்துத் தூங்குவதைப் பார்த்துவிட்டு, இவர்களுக்கு வீடு கட்டாமல் கப்பல் ஏற மாட்டேன் என்று நின்றாராம். அடுக்களைக்கு ஜன்னல், வீட்டுக்குள்ளேயே தண்ணீர்க் குழாய், சந்து முனையில் இலவச மருந்தகம். அந்தக் காலத்தில் கூலிக்காரனுக்கு இதையெல்லாம் யார் செய்தார்கள்?

அவர் குவேக்கர் என்கிற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்தவர். அவர்களுக்குப் பாதிரியார் கிடையாது, சிலுவை கிடையாது, பெரியவன் சின்னவன் கிடையாது, குடியும் கிடையாது.

"கள்ளுக்கடை மட்டும் வைக்க விடலயாம்," என்பார் பக்கத்து வீட்டுச் சரோஜா அக்கா. இந்த வரிசையிலேயே பிறந்து, இதே வரிசையில் கல்யாணம் கட்டி, இங்கேயே பிள்ளை பெற்றவர். இந்த ஊர்ப் பேச்சில் ஒட்டிக்கொள்கிற லா அவரிடம் எப்போதும் உண்டு. "அதான் நம்ம ஆம்பளைங்க பக்கத்து ரோட்டுக்கு நடந்து நடந்தே தேஞ்சி போனாங்க லா."

சில வருஷங்களுக்கு முன்னால் ஊர்ப் பெரியவர்கள் சிலர் கமிட்டி போட்டு, துரையின் நினைவாக மூன்று இடங்களில் பலகை வைப்பது என்று முடிவு செய்தார்கள். கரும்பச்சையில் வட்டமான பலகை, நான்கு மொழியில் எழுத்து. முதலாவது, கடற்கரையோரம் இருந்த அவருடைய கிட்டங்கியில். அப்போது அங்கே ஒரு ராவுத்தர் வெங்காயமும் மிளகாய் வற்றலும் மொத்த வியாபாரம் செய்துகொண்டிருந்தார். பலகை வந்த அன்று சந்தோஷமாக எல்லோருக்கும் பாயசம் ஊற்றியதே அவர்தான். அடுத்த வருஷம் அந்த இடம் காப்பிக்கடை ஆயிற்று. மூட்டை தூக்கும் கொக்கியை அழகுக்காகத் தொங்கவிட்டிருக்கிறார்கள். ராவுத்தர் கடலுக்கு அந்தப் பக்கம் பட்டர்வொர்த்துக்குப் போய்விட்டார். இரண்டாவது பலகை மருந்தகத்தில். அதில் ஒரு தையல்காரக் குடும்பம் குடியிருந்தது. இப்போது கட்டடமே இல்லை, காடி, அதாவது கார், நிறுத்துகிற இடமாகிவிட்டது. பலகையை மட்டும் ஒரு இரும்புக் கம்பியில் மாட்டி வைத்திருக்கிறார்கள்.

மூன்றாவது எங்கள் சுவரில்.

பலகை யாரையும் கழுத்தைப் பிடித்துத் தள்ளாது என்று எனக்கும் தெரியும். ஆனால் பலகை வந்தால் படம் எடுக்க ஆள் வரும். ஆள் வந்தால் வீட்டுச் சொந்தக்காரரின் யோசனை வேறு மாதிரி ஆகும். எங்கள் வீட்டுச் சொந்தக்காரரான சீனப் பெரியவரை எல்லோரும் பெரிய தவுக்கே, அதாவது பெரிய முதலாளி, என்போம். அவர் இருந்தவரை ஒரு கவலையும் இல்லை. போன வருஷம் தவறிப்போனார். இப்போது எல்லாம் மகன் கையில். சின்னத் தவுக்கே கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். வழியில் பார்த்தால் "ஆண்ட்டி, பசியாறியாச்சா?" என்று தமிழிலேயே கேட்பார்; அவருக்குத் தெரிந்த தமிழ் அவ்வளவுதான். ஆனால் வருஷா வருஷம் புதுப்பிக்கிற வாடகை ஒப்பந்தத்தை இந்த வருஷம் அவர் புதுப்பிக்கவில்லை. கேட்டால் அப்புறம் என்கிறார். அந்த அப்புறம் என்னை அரித்துக்கொண்டே இருக்கிறது.

3

என் வீட்டுக்காரர் கணேசன் துறைமுகத்தில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறார். பினாங்கிலேயே பிறந்தவர், எதற்கும் பதற மாட்டார். "போகச் சொன்னா போவோம் லா. அண்ணன் இருக்குற புக்கிட் மெர்தாஜாம்ல வீடா கெடைக்காது?" என்பார், ஏதோ சட்டையை மாற்றுகிற மாதிரி. அவருக்கு எங்கே போனாலும் அவர் ஊர்தான். நான் ஏற்கெனவே ஒரு வீட்டை விட்டுவிட்டு வந்தவள். வந்த புதிதில் இந்த அடுக்களை ஜன்னல் வழியாகச் சரோஜா அக்கா ஒரு கொத்துக் கறிவேப்பிலையை நீட்டினார். அன்றைக்குத்தான் இந்த ஊரில் முதல் முறையாக எனக்குப் பசி எடுத்தது. அந்த ஜன்னலை விட்டுவிட்டு இன்னொரு இடத்தில் முதலிலிருந்து ஆரம்பிக்க எனக்குத் தெம்பு இல்லை. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், பயமாக இருக்கிறது.

அப்பாவுக்குத் தூத்துக்குடியில் பாத்திரக்கடை. பாத்திரம் வாங்கினால் பேர் வெட்டிக் கொடுப்பது இலவசம். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அது என் வேலை. கைக்கு அடக்கமான மின்சார மிஷின், முனையில் ஊசி, ஸ்விட்சைப் போட்டால் வண்டு மாதிரி இரையும். குடத்தை மடியில் சாய்த்து வைத்துக்கொண்டு புள்ளி புள்ளியாக எழுத்தை இழுக்க வேண்டும். கல்யாணச் சீர் என்றால் பெண் பேர், மாப்பிள்ளை பேர், தேதி. தாய்மாமன் வாங்கிக் கொடுத்தால் அவர் பேர் இல்லாமல் விடவே கூடாது. விட்டால் கடைக்கே சண்டைக்கு வந்துவிடுவார். நம் ஊரில் ஒவ்வொரு சம்படமும் ஒரு கல்வெட்டுதான் என்று இப்போது தோன்றுகிறது.

ஒரு நாள் எங்கள் வீட்டு அடுக்களைப் பாத்திரங்களிலும் பேர் வெட்டட்டுமா என்று அப்பாவிடம் கேட்டேன்.

"வீட்டுக்குள்ளயே கெடக்குற பாத்திரத்துக்குப் பேரு எதுக்குட்டி?" என்றார் அப்பா. "வீட்டை விட்டு வெளிய போறதுக்குத்தான் பேரு வெட்டணும். எங்க போனாலும் எந்த வீட்டுதுன்னு தெரியணும்லா."

என் கல்யாணச் சீர் அத்தனையிலும் அவரே உட்கார்ந்து வெட்டினார். விமானம் ஏறும்போது ஒரு பழைய மிஷினையும் பெட்டியில் வைத்துக் கொடுத்தார். இங்கே அது அட்டைப்பெட்டியை விட்டு வெளியே வந்ததே இல்லை. பினாங்கில் நான் வாங்கிய எந்தப் பாத்திரத்திலும் பேர் கிடையாது. அவை எங்கே போகப் போகின்றன? என் மகள் காவ்யா சின்னப் பிள்ளையாக இருந்தபோது அந்தப் பெட்டியைத் திறந்து திறந்து இது எதற்கு என்று கேட்பாள். அப்பா சொன்னதை அப்படியே அவளுக்கும் சொல்லியிருக்கிறேன்.

4

காவ்யாவுக்குப் பதினேழு வயது. தமிழ்ப்பள்ளியில் படித்தவள்தான். இடைநிலைப்பள்ளிக்குப் போனதும் தமிழ் அவளுக்கு வீட்டுச் செருப்பு மாதிரி ஆகிவிட்டது, வாசலோடு சரி. "அம்மா, நீங்க துங்கு பண்ண வேணாம், நான் லேட்டா பாலேக் ஆவேன்" என்பாள். காத்திருக்க வேண்டாம், தாமதமாகத் திரும்பி வருவேன் என்று அர்த்தம். அவளை மட்டும் சொல்லி என்ன? போன தடவை ஊருக்கு வந்தபோது நானே ஆட்டோக்காரரிடம் "அந்த சிம்பாங்ல பூசிங் பண்ணுங்கண்ணே" என்றேன். முச்சந்தியில் திரும்பச் சொன்னதாக என் நினைப்பு. அவர் வண்டியை நிறுத்திவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்த பார்வை இன்னும் கண்ணில் நிற்கிறது.

மொழி போனாலும் பரவாயில்லை என்று சில நாள் நினைப்பேன், ஆனால் அவள் பேச்சே குறைந்துவிட்டது. முன்பெல்லாம் பள்ளியில் யார் யாரிடம் கோபித்துக்கொண்டார்கள் என்பது வரைக்கும் ஒப்பிப்பாள். இப்போது எது கேட்டாலும் "ஒன்னுமில்லமா." அறைக்கதவு சாத்தியே இருக்கிறது.

குடியுரிமைக்கு நான் மனுப் போட்டு எத்தனையோ காலமாகிறது. அலுவலகத்துக்குப் போகும்போதெல்லாம் எனக்காகப் பேசக் காவ்யாவைக் கூட்டிக்கொண்டு போவேன். கவுண்டரில் என்னைப் பார்த்ததும் "டுடோக் டுலு, காக்" என்பார்கள். முதலில் உட்காருங்கள், அக்கா. மரியாதையாகத்தான் சொல்கிறார்கள். உட்கார்ந்து உட்கார்ந்தே எனக்கு இடுப்பு விட்டுப்போயிற்று. கடைசியாகப் போனபோது காவ்யா கவுண்டரில் வெகு நேரம் மலாயில் பேசிவிட்டு வந்தாள்.

"என்னட்டி சொல்றாங்க?"

"ப்ராசஸ்ல இருக்காம். வாங்க, செண்டோல் சாப்பிடலாம்," என்றாள்.

தன் காசில் எனக்குத் தேங்காய்ப்பாலும் ஐஸும் போட்ட செண்டோல் வாங்கிக் கொடுத்து, தன் கிண்ணத்துப் பாதியையும் என் பக்கம் தள்ளினாள். மகளுக்குத் திடீரென்று பாசம் வந்துவிட்டது என்று நான் உருகிப்போனேன். ஒரு வாரம் கழித்து அவள் அப்பா மூலமாகத்தான் தெரிந்தது, மனுவைத் திருப்பிவிட்டார்களாம், முதலிலிருந்து போட வேண்டுமாம். கெட்ட செய்தியை அவள் வாயால் சொல்ல மாட்டாள். கையால் வேறேதாவது செய்வாள்.

5

விழாவுக்குச் சில நாள் முன்னால் கமிட்டிச் செயலாளர் ஒரு வெள்ளைக்கார அம்மையாரை எங்கள் வீட்டுக்கு அழைத்து வந்தார். செயலாளர் யாழ்ப்பாணத்திலிருந்து குமாஸ்தா வேலைக்கு வந்த குடும்பத்தின் வாரிசு. எல்லாம் முறைப்படி நடக்க வேண்டும் அவருக்கு. அந்த அம்மையார் பெயர் ரூத். துரைக்குப் பிள்ளை இல்லை. இவர் துரையின் தங்கை வழி வந்தவர், அவரும் குவேக்கர். எழுபதைத் தாண்டியிருப்பார். நகை கிடையாது, பூச்சு கிடையாது. எங்கள் அடுக்களை ஜன்னலின் சட்டத்தைத் தடவிக்கொண்டு நின்றார்.

செயலாளர் பலகையின் தமிழ் வாசகத்தை வாசித்துக் காட்டினார். கொடைவள்ளல், ஏழைப்பங்காளர், மாண்புமிகு என்று ஆரம்பித்துப் பெயர் வருவதற்கே மூச்சு வாங்கியது. காவ்யா அதை ஆங்கிலத்தில் சொன்னதும் ரூத் அம்மையாருக்கு முகம் சிவந்துவிட்டது. அவர்கள் வழக்கத்தில் பட்டமே கூடாதாம். பழைய நாளில் செத்தவர்களுக்குக் கல்லறைக்கல்கூட வைக்க மாட்டார்களாம். இந்தப் பலகையைத் துரையே விரும்பியிருக்க மாட்டார் என்றாராம்.

செயலாளர் பதறிப்போனார். "அப்ப பலகையே வேண்டாமெண்டு சொல்லுறாவோ? கார்டெல்லாம் அடிச்சாச்சுப் பிள்ளை."

எனக்கு ஒரு நிமிஷம் நெஞ்சில் பால் வார்த்த மாதிரி இருந்தது. கும்பிடாத சாமியெல்லாம் மனசுக்குள் வந்து போயிற்று. ஆனால் ரூத் அம்மையார் தலையை ஆட்டிவிட்டார். ஊர் ஆசைப்பட்டால் வைக்கட்டும், பட்டங்களை மட்டும் எடுத்துவிடுங்கள் என்றார். கூடவே ஒன்று கேட்டார். விழாவில் கொஞ்ச நேரம் எல்லோரும் மௌனமாக உட்கார வேண்டும். அவர்கள் வழிபாடே அதுதானாம். பூசையும் கிடையாது, பாட்டும் கிடையாது, சும்மா உட்கார்ந்திருப்பார்கள். அந்த மௌனத்தில் யாருக்காவது உள்ளேயிருந்து ஒன்று உந்தினால் எழுந்து சொல்லலாம். குறுக்கே யாரும் பேச மாட்டார்கள். பதிலும் சொல்ல மாட்டார்கள். கேட்டுக்கொண்டு மறுபடி மௌனமாகிவிடுவார்கள்.

"யாரு வேணும்னாலும் எந்திரிக்கலாமா?" என்று காவ்யாவிடம் கேட்டேன்.

"ஆமாமா, யாரும்."

"தமிழ்லயும் பேசலாமா?"

காவ்யா என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். பிறகு கேட்டுச் சொன்னாள். "எந்த லாங்குவேஜும் ஓகேயாம்."

சரோஜா அக்காவுக்குத்தான் இது ஒத்துவரவில்லை. "அவ்ளோ நேரம் வாய மூடிக்கிட்டு ஒக்காரணுமா? சாவு வீட்லகூட நாம அப்படி இருந்தது இல்லயே லா," என்றார். செயலாளர் நிகழ்ச்சி நிரலை எழுதினார். முதலில் மேளம், பிறகு குத்துவிளக்கு, பொன்னாடை, மௌனம், கடைசியில் பட்டுத் துணியை விலக்கிப் பலகை திறப்பு. மௌனமாக இருக்கப்போகிற விழாவுக்கு மேளம் எதற்கு என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. எனக்கும்தான் தோன்றவில்லை. மேளம் இல்லாமல் நமக்கு என்ன விழா?

6

ஞாயிற்றுக்கிழமை காலை எங்கள் சந்து முழுக்க அடைத்துக் கூடாரம் போட்டிருந்தார்கள். சுவரில் பலகையை மஞ்சள் பட்டால் மூடியிருந்தார்கள். தவில் முருகையன் அண்ணே, கோயிலில் வாசிப்பதற்காகக் கும்பகோணம் பக்கத்திலிருந்து வந்தவர். செயலாளர் அவரிடம், தான் கை தூக்கியதும் கெட்டிமேளம் கொட்ட வேண்டும் என்று சொல்லி வைத்திருந்தார். சின்னத் தவுக்கேயும் ரூத் அம்மையாரும் பட்டுத் துணியை விலக்க வேண்டும். அவர்கள் பக்கத்தில் சந்தனக் குங்குமத் தட்டோடு காவ்யா நின்றாள். பாவாடை தாவணி கட்ட மாட்டேன் என்று காலையிலிருந்து சண்டை போட்டு, கடைசியில் கட்டிக்கொண்டு வந்திருந்தாள்.

மௌனம் ஆரம்பித்தது. முதலில் யாரோ இருமினார்கள். ஒரு நாற்காலி கிறீச்சிட்டது. சரோஜா அக்கா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார். தூரத்தில் பெர்ரிப் படகின் ஊதல் கேட்டது. இத்தனை வருஷத்தில் எங்கள் சந்து இவ்வளவு அமைதியாக இருந்து நான் கேட்டதே இல்லை. நான் நாற்காலி நுனிக்கு நகர்ந்ததைப் பக்கத்தில் இருந்த கணேசன் பார்த்துவிட்டார். என் கையைப் பிடித்தார்.

"செல்வி, சும்மா இரு லா. செவப்பு ஐசிய வச்சிக்கிட்டு," என்று முணுமுணுத்தார்.

டுடோக் டுலு. இருபது வருஷமாக உட்கார்ந்தாயிற்று. கையை உருவிக்கொண்டு எழுந்தேன்.

"தம்பி," என்றேன். சின்னத் தவுக்கே என்று கூப்பிட அந்த நேரம் வாய் வரவில்லை. "உங்க அப்பா இருந்த வரைக்கும் எங்களுக்கு ஒரு பயமும் இல்ல. கிட்டங்கில பலகை வச்சாங்க, ராவுத்தர் போயிட்டாரு. மருந்தகத்துல வச்சாங்க, வீடே இல்லாமப் போச்சு. இப்ப எங்க சுவத்துல வைக்காங்க. நாங்க இங்க இருக்கலாமா, போகணுமா? அத மட்டும் சொல்லிருங்க. அந்தத் துணிய எடுக்குறதுக்கு முன்னால சொல்லிருங்க."

காவ்யா தட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவமானத்தில் இந்தப் பிள்ளை இனி என்னோடு வெளியே வராது என்று நினைத்தேன். அவள் மெதுவாகச் சின்னத் தவுக்கே பக்கம் திரும்பி, நான் சொன்னதை ஆங்கிலத்தில் சொல்ல ஆரம்பித்தாள். நிதானமாக, ஒன்று விடாமல். எனக்குத் தெரிந்த ஆங்கிலத்துக்கே அது புரிந்தது. தம்பி என்பதை மட்டும் தம்பி என்றே சொன்னாள்.

ரூத் அம்மையார் கண்ணை மூடிக்கொண்டார். அவரோடு வந்த வெள்ளைக்காரர்கள் தலையைக் குனிந்தார்கள். அதைப் பார்த்துக் கமிட்டிக்காரர்களும் குனிந்தார்கள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. பதில் சொல்ல மாட்டார்கள், அதுதான் அவர்கள் மரியாதை. நான் கேட்டது பதிலுக்காக, அவர்கள் அதைப் பிரார்த்தனையாக எடுத்துக்கொண்டார்கள்.

ஆனால் சின்னத் தவுக்கே குவேக்கர் இல்லையே. அவர் முகம் சிவந்து போயிருந்தது. பேசப்போகிறேன், பொறுங்கள் என்கிற மாதிரி வலது கையைத் தூக்கினார். காவ்யா பக்கம் குனிந்து வாயைத் திறந்தார்.

கை உயர்ந்ததை முருகையன் அண்ணே பார்த்துவிட்டார். அவ்வளவு நேரம் சத்தமே இல்லாத சபையில் உட்கார்ந்து தவித்துக்கொண்டிருந்த மனுஷன். தாலி கட்டும்போது கெட்டிமேளம் ஏன் கொட்டுகிறோம் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அந்த நேரத்தில் ஒரு கெட்ட சொல்கூட யார் காதிலும் விழக்கூடாது. அவர் கடமையைச் சரியாகச் செய்தார். இரண்டு தவிலும் நாதஸ்வரமும் சேர்ந்து அந்தச் சின்னச் சந்தில் வெடித்தன. கூட்டம் துள்ளி எழுந்தது. சின்னத் தவுக்கேயின் உதடு அசைவதைப் பார்த்தேன். ஒரு வரிதான் இருக்கும். காவ்யா அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். அதற்குள் செயலாளர் முகூர்த்தம் வந்துவிட்டதென்று நினைத்து அவர் கையைப் பிடித்துப் பட்டின் மேல் வைத்தார். துணி விழுந்தது, எல்லோரும் கை தட்டினார்கள். சரோஜா அக்கா பலகைக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, ரூத் அம்மையார் தலையில் அட்சதை போட்டார்.

"கை தூக்குனாரு, அடிச்சேன்மா," என்றார் முருகையன் அண்ணே, பிறகு நான் போய்க் கேட்டபோது. "முகூர்த்தம் தவறிடப்படாதுல்ல."

ரூத் அம்மையார் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு ஏதோ சொன்னார். நீங்கள் பேசியதை நாங்கள் எல்லோரும் மனசில் வைத்திருக்கிறோம் என்றாராம். நன்றி என்றேன், வேறென்ன சொல்ல? சின்னத் தவுக்கே நின்றபடியே ஒரு வடை சாப்பிட்டுவிட்டுக் காடிக்குப் போனார். போகும்போது என்னைப் பார்த்துக் கைகூப்பினார். பசியாறியாச்சா என்று கேட்கவில்லை.

காவ்யாவை ஓரமாக இழுத்துக்கொண்டு போனேன்.

"என்னட்டி சொன்னாரு?"

"கேக்கலமா," என்றாள். "மேளம்."

7

சாயங்காலம் வரைக்கும் சரோஜா அக்கா என் வீரத்தைச் சந்து முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார். "அத்தன பேரு முன்னால கேட்டுட்ட பெறகு எப்படிப் போகச் சொல்வாங்க? வெக்கமா இருக்காதா லா?" கணேசன் கோபித்துக்கொள்வார் என்று பார்த்தால், சாப்பிட்டுவிட்டு என் தலையில் ஒரு தட்டு தட்டிவிட்டுப் படுத்துத் தூங்கிவிட்டார். எனக்கும் லேசாகத் தைரியம் வந்தது. அவர் சொன்னது நல்ல சொல்லாகவும் இருக்கலாம் இல்லையா? கேட்காத சொல்லை ஏன் கெட்டதாகவே நினைக்க வேண்டும்?

வாசலில் யாரோ இரண்டு பேர் பலகையைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் போனதும் ஈரத்துணியால் குங்குமத்தைத் துடைத்துவிட்டுத் தமிழ் வரிகளைப் படித்தேன். எலியாஸ் தார்ன்பி, சவுக்காரம் செய்தவர், இங்கே உழைத்தவர்களுக்காக இந்த வீடுகளைக் கட்டினார். அவ்வளவுதான். ஒரு பட்டமும் இல்லை. நன்றாகத்தான் இருந்தது.

உள்ளே டம்ளர்கள் கிணுகிணுக்கும் சத்தம் கேட்டது. மறுபடி எங்கேயோ துளை போடுகிறார்களோ என்று ஒரு நிமிஷம் பதறி அடுக்களைக்குப் போனேன். காவ்யா தரையில் பாய் விரித்து உட்கார்ந்திருந்தாள். காலையில் கட்டிய பாவாடை தாவணியை இன்னும் மாற்றவில்லை. அவளுக்குப் பக்கத்தில் அந்தப் பழைய அட்டைப்பெட்டி திறந்து கிடந்தது. நம் ஊர் உருண்டைப் பிளக் இங்கே சுவரில் சேராது. அதற்கு ஒரு அடாப்டரை எங்கிருந்தோ தேடி எடுத்து மாட்டி வைத்திருந்தாள்.

"இதுங்கள்ல பேர் வெட்டலாமாமா?" என்றாள். என் முகத்தைப் பார்க்கவில்லை.

ஒரே ஒரு டம்ளரை எடுத்து வைத்திருந்தால், மேற்படிப்புக்குப் போகும்போது கொண்டுபோகக் கேட்கிறாள் என்று நினைத்திருப்பேன். அலமாரியே காலியாக இருந்தது. டம்ளர், தட்டு, கரண்டி, தூக்குச்சட்டி எல்லாம் பாயில் இருந்தன. இட்லிப்பானையைக்கூட இறக்கி வைத்திருந்தாள்.

"என்ன பேரு வெட்ட?"

"சவுக்காரக் கம்பம்," என்றாள். "தமிழ்ல, பெருசா."

வீட்டுக்குள்ளேயே கிடக்கிற பாத்திரத்துக்குப் பேர் எதற்கு என்று நான்தான் அவளுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தேன். பக்கத்தில் உட்கார்ந்து முதல் டம்ளரை எடுத்து மடியில் சாய்த்துக்கொண்டேன். ஸ்விட்சைப் போட்டேன். மிஷின் இரைய ஆரம்பிக்கிற வரைக்கும் காத்திருந்துவிட்டு, காவ்யா அழ ஆரம்பித்தாள்.